வாதம், ஏது, போலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பேச்சுப்போட்டி, பட்டிமன்றம், கல்லூரி விவாத மேடை என்று தயாராகும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் பயிற்சி கொடுக்கிறேன். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி விளக்கவில்லை.

சார், வாதம், விவாதம், தர்க்கம், வாக்குவாதம் எல்லாம் ஒண்ணுதானே?

பேச்சில் ஒன்றுதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படிக்கும்போது மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருத்தும் அதற்கான காரணமும் சேர்ந்தால் வாதம். தனியாக உட்கார்ந்துகூட ஒரு வாதத்தை அமைக்கலாம். இரண்டு தரப்பு எதிரெதிரே வாதங்களை வைத்தால் விவாதம். காரணம் முடிவைத் தாங்குகிறதா இல்லையா என்று பார்க்கிற துறை தர்க்கம், தமிழில் அளவை அல்லது அளவையியல். பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலில் பைக்கை நிறுத்தும்போது நடப்பது வாக்குவாதம்.

பிரீமிஸ், கன்க்ளூஷன்னு சொல்றாங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்களோ அது முடிவு. எதைக் காட்டி ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்களோ அது எடுகூற்று, அதாவது பிரீமிஸ். வாக்கியத்தில் எது முதலில் வருகிறது என்பதைப் பார்க்காதீர்கள். ‘இன்னைக்கு மீன் வாங்க வேண்டாம், தடைக்காலம், எல்லாம் ஐஸ்ல கெடந்ததா இருக்கும்’ என்றால் முடிவு முதலில் வந்துவிட்டது, காரணங்கள் பின்னால் வருகின்றன.

சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ‘ஏன்னா’ போட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் ‘அதனால’ போட்டுப் பாருங்கள். ‘ஏன்னா’வுக்குப் பின்னால் நிற்பது எடுகூற்று, ‘அதனால’வுக்குப் பின்னால் நிற்பது முடிவு. இரண்டுமே ஒட்டவில்லையா, அங்கே வாதமே இல்லை, வெறும் இரண்டு செய்திகள்தான் இருக்கின்றன. மேடைப் பேச்சுகளை இப்படிச் சோதித்தால் பாதி நேரம் வாதமே நடக்கவில்லை என்பது தெரியும்.

ஒரே விஷயத்துக்கு ஊருக்கு ஒரு தமிழ்ச்சொல் இருக்கே, எதைப் படிக்கிறது?

நியாயமான எரிச்சல். இலங்கையில் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்று ஒரு பாடமே இருப்பதால் அங்கே சொற்கள் ஓரளவு நிலைத்துவிட்டன. டிடக்‌ஷன் உய்த்தறிதல், இண்டக்‌ஷன் தொகுத்தறிதல், வேலிட் ஆன வாதம் வாய்ப்பான வாதம். இவற்றின் பொருள் பின்னால் வருகிறது. தமிழ்நாட்டில் பள்ளியில் அளவையியலைத் தனிப்பாடமாகப் படிக்கும் வழக்கம் இல்லாததால் அந்தந்தத் துறை அதனதன் வசதிக்குச் சொல் செய்துகொண்டது. பிளஸ் ஒன் கணக்கில் ‘கணிதத் தொகுத்தறிதல்’ வரும். பி.எட். படித்தவரைக் கேட்டால் தொகுத்தறிதலை விதிவருமுறை, உய்த்தறிதலை விதிவிளக்கமுறை என்பார்.

என் யோசனை: ஒரு தமிழ்ச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆங்கிலச் சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும். ‘அளவை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்கு வயது அதிகம். ‘ஆற்றின் அளவறிந்து கற்க’ என்று தொடங்கும் குறள் அவையஞ்சாமை அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே ‘அளவு’ என்பதற்குப் பரிமேலழகர் அளவை நூல், அதாவது தர்க்கம் என்றே பொருள் சொல்கிறார். சபையில் பயப்படாமல் பதில் சொல்லத் தர்க்கம் படி என்கிற பேச்சு நாம் இன்று கண்டுபிடித்ததில்லை.

மணிமேகலையில லாஜிக் இருக்குன்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க, உண்மையிலேயே இருக்கா, சும்மா சொல்றாங்களா?

இருக்கிறது. பெருமை பேசுகிறவர்களில் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவையைப் பாடமாகவே நடத்துகிறார். அதில் ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

உதாரணமும் அவரே தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம். ஏனென்றால் புகை தெரிகிறது, இது ஏது. எங்கே பார்த்தோம் என்றால் அடுக்களையில், இது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது, உபநயம். ஆகவே நெருப்பு இருக்கிறது, நிகமனம். எனக்கு இதில் பிடித்தது அந்த அடுக்களைதான். மலையில் ஏறிப் பார்க்காமலே அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்லும் துணிச்சல் தினமும் அடுப்பூதிய அனுபவத்திலிருந்து வருகிறது. உங்கள் வாதத்துக்கும் ‘அடுக்களை எது’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர் கண்ணால் கண்ட ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

கடைசி ரெண்டு உறுப்பும் முதல்ல சொன்னதையே திரும்பச் சொல்ற மாதிரி இருக்கே?

அந்தக் காலத்திலேயே இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அந்தக் காதையே சொல்கிறது. பௌத்த அளவையில் முதல் மூன்றே போதும், நியாயம் என்கிற இந்தியத் தத்துவ மரபில் ஐந்தும் வேண்டும். மேடையில் பேசுகிறவருக்கு ஐந்தும் உதவும், கேட்கிறவர் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டு வருவார்.

வேலிட்னா உண்மைன்னுதானே அர்த்தம்?

இல்லை, எல்லாரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். எடுகூற்றுகள் உண்மை என்று வைத்துக்கொண்டால் முடிவும் உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற அமைப்பு இருந்தால் வாதம் வாய்ப்பானது. எடுகூற்று நிஜத்தில் உண்மையா என்பது வேறு கேள்வி. ‘எல்லா மீனும் மரம் ஏறும், விரால் ஒரு மீன், ஆகவே விரால் மரம் ஏறும்’ என்பது வாய்ப்பான வாதம்தான், ஆனால் முதல் கூற்றும் பொய், முடிவும் பொய். (பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன் இருக்கிறதே என்று போன மாதம் ஒருவன் கேட்டான். இருக்கட்டும், விரால் ஏறாது.)

தலைகீழாகவும் நடக்கும். ‘வைகை மதுரை வழியாக ஓடுகிறது, மதுரை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆகவே சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்.’ மூன்றும் உண்மை, ஆனால் வாதம் செல்லாது, முதல் இரண்டும் மூன்றாவதைத் தாங்கவே இல்லை. வாய்ப்பும் இருந்து எடுகூற்றுகளும் உண்மையாக இருந்தால் அதற்கு ஆங்கிலத்தில் சவுண்ட் என்று பெயர். நான் ‘உறுதியான வாதம்’ என்கிறேன்.

டிடக்‌ஷனா இண்டக்‌ஷனான்னு எனக்குக் கடைசி வரைக்கும் குழப்பம்தான்.

பொதுவிலிருந்து தனிக்குப் போனால் டிடக்‌ஷன், தனியிலிருந்து பொதுவுக்குப் போனால் இண்டக்‌ஷன் என்று கைடு புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டுதான் குழம்புகிறீர்கள். இப்படிப் பாருங்கள்: எடுகூற்று எல்லாம் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாக இடம் உண்டா? உண்டு என்றால் இண்டக்‌ஷன், அதாவது தொகுத்தறிதல். அறவே இல்லை என்றால் உய்த்தறிதல்.

தொகுத்தறிதலுக்கு நம்மிடம் ஒரு அருமையான பழமொழி இருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வடமொழியிலும் இதே சோற்றுப் பானையை வைத்து ஸ்தாலீபுலாக நியாயம் என்பார்கள். ஏன் இது செல்லுபடியாகிறது என்று யோசித்தீர்களா? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, ஒரே நேரம் என்பதால்தான். அதிலும் என் அம்மா ஒரு கிளறு கிளறிவிட்டு, நடுவிலிருந்து கரண்டியால் இரண்டு மூன்று பருக்கை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பார், மேலாக மிதப்பதை எடுக்க மாட்டார். பாதி புது அரிசியும் பாதி பழைய அரிசியும் கலந்து போட்டுவிட்டால் ஒரு சோறு பதம் சொல்லாது. ‘அந்த ஊர்க்காரன் ஒருத்தன் என்னை ஏமாத்திட்டான், அந்த ஊரே அப்படித்தான்’ என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த ஊர் ஒரே பானையா?

ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் வெறும் பரீட்சைக்கு எழுதுற விஷயமா?

அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சொன்னது, இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் வேலை செய்கிறது. பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை ஈத்தோஸ், கேட்கிறவர் மனதில் எழும் உணர்ச்சி பேத்தோஸ், சொல்லப்படும் காரணம் லோகோஸ்.

பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது காய் சீவும் கருவி விற்கிறவர் ஏறுவார், பார்த்திருப்பீர்கள். ‘பதினஞ்சு வருஷமா இதே ஸ்டாண்டுலதான் நிக்கிறேன், நாளைக்கும் இங்கதான் இருப்பேன்’ என்பார். அது ஈத்தோஸ். ஒரு கேரட்டை எடுத்து நம் கண் முன்னால் சரசரவென்று சீவிக் காட்டுவார், லோகோஸ். ‘வீட்டுல அம்மா தினம் கத்தியில விரலை வெட்டிக்கிறாங்க, நாம பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கோம்’ என்று குரலை இறக்குவார், பேத்தோஸ். மூன்றும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நானே இரண்டு வாங்கியிருக்கிறேன்.

அப்ப உணர்ச்சியைத் தூண்டினாலே ஏமாத்து வேலைதானே?

இல்லை. வெள்ள நிவாரணத்துக்குப் பணம் கேட்கிறவர் வெள்ளத்தில் போன வீட்டைக் காட்டத்தான் வேண்டும், அந்தத் துயரம்தான் அங்கே காரணம். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத உணர்ச்சியைக் காரணத்தின் இடத்தில் உட்கார வைப்பதுதான் தவறு. ‘எனக்கு இந்த வேலை பொருந்தும், ஏன்னா எனக்கு ரெண்டு தங்கச்சி’ என்பது மாதிரி.

ரெட்டரிக்னா அணி இலக்கணம்தானே, அதுதான் தண்டியலங்காரத்துல படிச்சாச்சே?

பாதி சரி. ரெட்டரிக் என்றால் பேசிக் கேட்பவரை இணங்க வைக்கும் கலை, உவமை, உருவகம் எல்லாம் அதில் ஒரு பகுதி. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எப்படி நினைவில் வைப்பது, எப்படிக் குரல் கொடுப்பது என்பதையும் ரோமானியர்கள் அதில் சேர்த்தார்கள். தமிழில் இந்த விஷயம் ஒரே நூலில் இல்லாமல் சிதறிக் கிடக்கிறது. குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம். நன்னூல் பாயிரத்தில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றம் அப்படியே பேச்சுக்கும் பொருந்தும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் பட்டியலில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று வருகிறது பாருங்கள், தலைப்பை விட்டுவிட்டு வேறெதையோ நீட்டி முழக்குவது. நம் மேடைகளில் பத்துக்கு எட்டுப் பேர் மாட்டுவது அதில்தான்.

என்திமீம்னு ஒண்ணு வருது. வாயில நுழையல, அர்த்தமும் புரியல.

ஒரு எடுகூற்றை வாய்விட்டுச் சொல்லாமல் கேட்கிறவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடும் வாதம். நான் ‘சொல்லாமல் விட்ட வாதம்’ என்றுதான் வகுப்பில் சொல்கிறேன். பெண் பார்க்கும் இடத்தில் ஒருவர் சொன்னார், ‘பொண்ணு மூணு வருஷமா சென்னையில தனியா தங்கி வேலை பாக்குதாம், நமக்குச் சரிப்பட்டு வராது.’ எடுகூற்று ஒன்று, முடிவு ஒன்று. நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி, அந்த விட்ட வாக்கியத்தை எழுதிப் பார்ப்பது. ‘தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள்.’ காகிதத்தில் எழுதிய உடனே அதன் முகம் தெரிந்துவிடும். சத்தமாகச் சொல்லக் கூச்சப்படும் எடுகூற்றுகள் எல்லாம் இப்படித்தான் மறைந்து வாழ்கின்றன. எல்லாமே கெட்டவை என்று இல்லை, ‘மேகம் கறுத்திருக்கு, குடையை எடுத்துக்கோ’ என்பதும் சொல்லாமல் விட்ட வாதம்தான்.

டூல்மின் மாடல் படிக்கச் சொல்றாங்க. அதுல வாரண்ட்னா போலீஸ் வாரண்டா?

ஒரு வாதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டும் முறை, ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் எழுதிய நூலில் வந்தது. வாரண்ட் என்றால் இங்கே அனுமதிச் சீட்டு மாதிரி. ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போக உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டால் காட்ட வேண்டிய பொது விதி. முந்தின பதிலில் சொல்லாமல் விட்ட வாக்கியம் பெரும்பாலும் இந்த வாரண்ட்தான்.

அவருடைய உதாரணம் இது. ஹாரி பெர்முடாவில் பிறந்தவர், இது டேட்டா, அதாவது ஆதாரம். ஆகவே அவர் பிரிட்டிஷ் குடிமகன், இது கிளெய்ம், அதாவது முடிவு. பெர்முடாவில் பிறந்தவர்கள் பொதுவாக பிரிட்டிஷ் குடிமக்கள், வாரண்ட். அந்த வாரண்ட்டைத் தாங்கும் சட்டங்கள் பேக்கிங். ‘அநேகமாக’ என்று சேர்த்துக்கொள்வது குவாலிஃபையர். அவருடைய அப்பா அம்மா இருவரும் வெளிநாட்டவராக இருந்தாலொழிய என்று விதிவிலக்கைச் சொல்வது ரிபட்டல். கடைசி இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் ‘அநேகமாக’ என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், உண்மையில் அந்த ஒரு சொல்தான் எதிரணி குத்த வரும் இடத்தை முன்கூட்டியே அடைக்கிறது.

விதண்டாவாதம்னா வீம்புக்குச் சண்டை போடுறதுதானே?

வழக்கில் அப்படித்தான். நியாய நூலில் அதற்குத் துல்லியமான பொருள் உண்டு. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று எந்தக் கட்சியையும் நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை மறுத்துக்கொண்டே இருப்பது விதண்டை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவமானகரமானது. கல்லூரி நாட்களில் ஒரு போட்டியில் எதிரே பேசிய பெண்ணைப் பார்த்து ‘இது விதண்டாவாதம்’ என்று கையை நீட்டினேன், கைதட்டல் பிய்த்துக்கொண்டது. முடிவு சொல்ல எழுந்த நடுவர், ஒரு வயதான தமிழ் ஐயா, நிதானமாகச் சொன்னார்: ‘தம்பி, அந்தப் பொண்ணு தன் கட்சியை ரெண்டு தரம் சொல்லிருச்சு. பத்து நிமிஷமா உன் கட்சி என்னன்னு நீதான் சொல்லல. விதண்டை பண்ணினது நீதான்.’ அதற்கும் கைதட்டினார்கள், இன்னும் பலமாக.

ஃபாலசி லிஸ்ட் முழுசா மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். தமிழில் இதற்குப் ‘போலி’ என்று அழகான சொல் இருக்கிறது, நியாயம் போலவே தோன்றுவது. மேலே சொன்ன 29ஆம் காதையில் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10, ஆக 33. இணையத்தில் தேடினால் அதைவிட நீளமான பட்டியல்கள் கிடைக்கும். எதையும் மனப்பாடம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பகுப்பு இருக்கிறதே, அது தங்கம்: தவறு சொல்ல வந்த கருத்திலா, காரணத்திலா, எடுத்துக்காட்டிலா என்று முதலில் இடத்தைப் பிடி, பெயர் அப்புறம்.

ஏதுப் போலியில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, தெரிவது புகையா, ஆவியா, பனியா என்றே நிச்சயமில்லாதபோது அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. வாட்சப்பில் வந்த ஒரு மங்கலான படத்தை வைத்து ஊரே தீர்ப்புச் சொல்வது இந்தக் கணக்கில் வரும். இன்னொன்று, இரண்டு பக்கமும் பொருந்துகிற காரணம். ‘அவர் நல்ல டாக்டர், எப்பவும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார்.’ மோசமான டாக்டரும் அதைத்தானே போடுகிறார்?

ஆளைத் தாக்குறதுன்னா திட்டுறதுன்னு அர்த்தமா?

இதற்கு லத்தீனில் அட் ஹாமினெம் என்று பெயர். வெறும் திட்டு அது இல்லை. ‘நீ சொன்னதில் இரண்டாவது கணக்கு தப்பு, மடையா’ என்பது மரியாதைக் குறைவு, ஆனால் காரணம் சரியாக இருக்கிறது. ‘நீ மடையன், அதனால் உன் கணக்கு தப்பு’ என்பதுதான் போலி. ‘நீ மட்டும் யோக்கியமா’ என்று திருப்பி விடுவது இதன் தம்பி. சிகரெட்டோடு நிற்கும் அப்பா ‘புகை பிடிக்காதே’ என்று சொன்னால் அவருக்கு அதைச் சொல்ல முகமில்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

ஆளைப் பற்றிப் பேசுவதே தவறு என்றும் நினைக்க வேண்டாம். நேரில் பார்த்தேன் என்று சாட்சி சொல்ல வந்தவருக்குக் கண் சரியாகத் தெரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி, ஏனென்றால் அங்கே அவருடைய பார்வையே ஆதாரம்.

ஸ்ட்ரா மேனுக்குத் தமிழ் என்ன?

வைக்கோல் பொம்மை என்று சொல்கிறார்கள், எனக்குச் சோளக்கொல்லைப் பொம்மை என்றால் இன்னும் கண்ணில் படுகிறது. எதிராளி சொன்னதை விட்டுவிட்டு, அதன் சாயலில் எளிதாக விழக்கூடிய ஒன்றைக் கட்டி வைத்து அதை அடிப்பது. ‘பள்ளியில் செல்போனுக்குக் கட்டுப்பாடு வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால், ‘விஞ்ஞானமே வேண்டாம் என்கிறார் நண்பர்’ என்று ஆரம்பிப்பது.

இதற்கு மருந்து நன்னூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் ஏழு வகை மதம் சொன்னார், மதம் என்றால் இங்கே கொள்கை நிலைப்பாடு. உடன்படல், மறுத்தல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது, பிறர் மதத்தை மேற்கொண்டு பிறகு களைவது. முதலில் அவர் சொன்னதை உன் தோளில் ஏற்றிக்கொள், அப்புறம் கீழே இறக்கு. என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன், எதிரணி சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல, அவர்கள் ‘ஆமாம், அதைத்தான் சொன்னோம்’ என்ற பிறகுதான் மறுக்கலாம். முதல் மாதம் பாதிப் பேர் இந்தப் படியையே தாண்டுவதில்லை.

காக்கா உட்கார பனம்பழம் விழுந்ததுன்னு சொல்றது எந்த ஃபாலசி?

பின்னால் நடந்ததால் முன்னால் நடந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டுவது, லத்தீனில் போஸ்ட் ஹாக். வடமொழியில் இதே காக்கையையும் பனையையும் வைத்துக் காகதாலீயம் என்பார்கள். பழமொழி தவறைச் சொல்லவில்லை, தவறைக் கிண்டல் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்லிப்பரி ஸ்லோப் எப்பவுமே தப்புதானே?

இல்லை, இங்கேதான் பெயர் தெரிந்தவர்கள் அவசரப்படுகிறார்கள். ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்பது சறுக்குப் பாதை வாதம்தான். ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் காரணம் காட்டினால் அது நல்ல வாதம். ஒரு மாதம் வட்டி கட்டாமல் விட்டால் அது அசலோடு சேரும், அசல் கூடினால் அடுத்த மாத வட்டி கூடும் என்று காட்டுகிறவர் சரியாகத்தான் பேசுகிறார். ‘பொண்ணுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தா நாளைக்கு வீட்டையே மதிக்க மாட்டா’ என்பவரிடம் நடுப்படிகள் எங்கே என்று கேளுங்கள்.

பெகிங் தி கொஸ்டின்னா கேள்வியை எழுப்புறதுதானே?

ஆங்கிலப் பேச்சில் இப்போது அப்படியும் ஆகிவிட்டது. கலைச்சொல்லாக அதற்கு வேறு பொருள்: நிரூபிக்க வேண்டியதையே எடுகூற்றில் ஒளித்து வைப்பது. ‘சாமியார் பொய் சொல்ல மாட்டார்.’ எப்படித் தெரியும்? ‘அவரே சொன்னார்.’ நான் இதைச் சுழல்வாதம் என்கிறேன். ஆங்கிலச் சொல்லை மேடையில் தவிர்ப்பது நல்லது, நடுவருக்கு எந்தப் பொருள் தெரியுமோ யார் கண்டது.

பழமொழி சொன்னா ஆதாரம் ஆகுமா?

ஆகாது. நாலாவது பதிலில் சொன்ன உறுப்புகளில் பழமொழி திட்டாந்தத்தின் பக்கம் நிற்கும், ஏதுவின் வேலையை அது செய்யாது. ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்று நீங்கள் சொன்னால் எதிராளி ‘துணிந்தவனுக்குத் துக்கமில்லை’ என்பார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கும், விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? ‘இல்லைன்னு நீ நிரூபி’ன்னு மடக்குறாங்களே.

உண்டு என்று சொல்கிறவருக்கு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 101ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது: ஒரு சங்கதியைச் சொல்லி அதன் மேல் தீர்ப்புக் கேட்கிறவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது, இந்த நெறி மாறவில்லை.

சிக்கல் எங்கே என்றால், இல்லை என்பதும் சில நேரம் ஒரு கூற்றாக ஆகிவிடும். ‘பேய் இருக்கிறதாகத் தெரியவில்லை’ என்பவர் மேல் பாரம் இல்லை. ‘இந்தக் குளத்தில் மீனே இல்லை, குத்தகையை ரத்து செய்யுங்கள்’ என்பவர் வலை வீசிக் காட்டத்தான் வேண்டும்.

எதிரணி ஃபாலசி பண்ணிட்டாங்கன்னு காட்டிட்டா நாம ஜெயிச்ச மாதிரிதானே?

அவருடைய காரணம் விழுந்தது, முடிவு விழவில்லை. சென்னை உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வாதம் செல்லாது, ஆனால் சென்னை தலைநகரம்தான். போலியைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டால், அந்தத் தமிழ் ஐயா இருந்திருந்தால் உங்களுக்கு என்ன பெயர் வைப்பார் என்று தெரியும்.

இன்னொன்று, ‘நண்பர் அட் ஹாமினெம் செய்கிறார்’ என்று பெயரை வீசாதீர்கள். சபையில் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்த மீதிப் பேருக்கு எரிச்சல் வரும். ‘நான் யார் என்று சொன்னார், நான் சொன்னது ஏன் தவறு என்று சொல்லவில்லை’ என்று பேசிப் பாருங்கள், பெயரே தேவைப்படாது.

சரி, இதையெல்லாம் தினமும் எப்படிப் படிக்கிறது? மறந்து போகுதே.

வாரத்துக்கு ஒரு சொல் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் காதில் விழுந்த வாதம், பேசியவர் சொன்ன சொற்களிலேயே. இரண்டாவதில் சொல்லாமல் விட்ட வாக்கியம். மூன்றாவதில் பெயர், தெரிந்தால் மட்டும். மூன்றாவது காலியாகவே கிடந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது பத்தியை நிரப்பும்போதுதான் படிப்பு நடக்கிறது. பொருள் விளக்கத்தை மட்டும் எழுதி வைத்தவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள், டீக்கடையில் கேட்டதை எழுதியவர்களுக்கு நிற்கிறது. முடிந்தால் வாரம் ஒன்றாவது நீங்களே சொன்ன வாதமாக இருக்கட்டும்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் போன மாதம் தன் நோட்டைக் காட்டினாள். அப்பா, சித்தி, ஆட்டோக்காரர், வகுப்புத் தோழி என்று வரிசையாக எல்லாரும் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. முதல் பத்தி: ‘சனிக்கிழமை. சார் சொன்னது: டீக்கடையில் கேட்டதை எழுதியவர்களுக்கு நிற்கிறது.’ இரண்டாவது பத்தி: ‘எத்தனை பேருக்கு?’ மூன்றாவது பத்தியில் பென்சிலால், ஒரு கேள்விக்குறியோடு, ஒரு பானை சோறு.